ஜூன் வரை எடுத்த படங்கள்

சேலையூர்
5 ஜூலை 2024

அன்பு சின்னு,

நீ சிப்பித்துறை போய்ச் சேர்ந்துவிட்டதை ரோஸியின் போனிலிருந்து வந்த ஒற்றை வரியில் தெரிந்துகொண்டேன். வழியில் ஏதாவது சாப்பிட்டாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் கட்டுப் பிரித்தாயிற்று. டாக்டர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "விரல் இருக்கட்டும், உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் அறுந்திருக்கு" என்றாள். ஆபரேஷன் நன்றாக நடந்திருக்கிறது என்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம்.

நீ பத்திரப்படுத்தச் சொன்ன ஹார்ட் டிஸ்க் என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. பாஸ்வேர்டை டைரியில் குறித்துக்கொண்டேன். "நான் கடலோட போயிட்டாலும் ஆராய்ச்சி கரையேறிடும்" என்று நீ கிண்டலாகச் சொன்னது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் முணுமுணுக்கிறாள்.

மிருதுளாவுக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி இல்லை. உன் அத்திம்பேர் ஆபீஸில் நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆலை கட்டுகிறவர்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிற கம்பெனி. ஆலைகள் வந்தால்தான் இவர்களுக்குப் பிழைப்பு. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காமல் உன்னோடு போனில் பேச முடியாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பரீட்சை பேப்பர் திருத்துகிற கையால் கடிதம் எழுதுவது நன்றாகவும் இருக்கிறது.

உன் வித்யா அக்கா


சிப்பித்துறை
16 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பட்டன் கதையை ரோஸி அக்காவுக்குச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவைச் சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை, காதில் உப்புத்தண்ணீர் போய் வலிப்பதைத் தவிர.

ரோஸி அக்காவைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. விற்பதற்குக் கடற்பாசி எடுக்கக் கடலுக்குள் போகிற பெண்களில் ஒருத்தி. கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, நான் சிலிண்டரோடு போகிற ஆழத்துக்கு அநாயாசமாக இறங்குவாள். பவளப்பாறையை இங்கே பார் என்கிறார்கள். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிழக்குப் பார்தான் என் ஆராய்ச்சி. தொண்ணூற்றாறு பவளங்களுக்கு எண் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அதே தொண்ணூற்றாறையும் படம் எடுக்கிறேன், பக்கத்தில் எண்ணும் தேதியும் எழுதிய பலகையை வைத்து.

கரையில் ஒரு மீன்தூள் ஆலை. அதன் கழிவு ஓடை வழியாகக் கடலில் கலக்கிறது. அந்த நீர் படுகிற பக்கத்தில் பாசி மண்டிப் பவளம் மூச்சுத் திணறுகிறது. படாத பக்கத்தில் இல்லை. இதைச் சந்தேகமில்லாமல் காட்டிவிட்டால் என் முனைவர் பட்டம் முடிந்த மாதிரி. ஆலைக்காரர்களும் கழிவைச் சுத்தம் செய்தே ஆக வேண்டியிருக்கும். ரோஸி அக்காவுக்குப் பட்டமெல்லாம் கணக்கில்லை. "ஆலைத்தண்ணிய நிறுத்துவாங்களா, அதச் சொல்லு" என்பாள்.

அத்திம்பேரைத் தைரியமாக இருக்கச் சொல்.

சின்னு


சேலையூர்
2 செப்டம்பர் 2024

அன்பு சின்னு,

காது வலி நின்றதா? பதில் போடத் தாமதமாகிவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள், எதிர்வீட்டு மாடியில் காயும் துணியை எண்ணுகிற அளவுக்கு.

ஒரு விஷயம். இனிமேல் கடிதங்களைப் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பு. இங்கே தபால்காரர் கேட்டுக்கு மேலே வீசிவிட்டுப் போகிறார், மழையில் நனைந்துவிடுகிறது.

இன்னொன்று, சும்மா தெரிந்துகொள்ளத்தான். மே மாதம் எடுத்த படங்களில் பவளமெல்லாம் எலும்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதெல்லாம் செத்துப்போனவையா? வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கு ஆபீஸில் கொஞ்சம் பரவாயில்லை. புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறதாம்.

வித்யா


சிப்பித்துறை
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

உன் கேள்வியைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நான்கு வருடத்தில் நம் வீட்டிலிருந்து என் படிப்பைப் பற்றி வந்த முதல் கேள்வி இது. மற்றதெல்லாம் கல்யாணக் கேள்விகள்தான்.

உன் மாணவனிடம் இப்படிச் சொல். பவளம் ஒரு சின்ன உயிர். அதன் உடம்புக்குள் அதைவிடச் சின்னப் பாசி குடியிருக்கிறது, மேலே படர்ந்து திணறடிக்கிற பாசி இல்லை, இது வேறு. நிறமும் சாப்பாடும் அந்தப் பாசி கொடுப்பவை. இந்தக் கோடையில் அடித்த மாதிரிக் கடல் சூடேறினால் பவளம் பாசியை வெளியேற்றிவிடும். உடனே வெள்ளையாகிவிடும். ஆனால் சாகவில்லை. பட்டினியாக இருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் குளிர்ந்து, சுத்தமாகவும் இருந்தால் பாசி திரும்பி வரும். சில மாதங்களில் நிறமும் வரும். தண்ணீரில் கழிவு கலந்தால்தான் பிழைக்காது. ஆகவே மே மாதப் படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செத்தது என்று யாராவது சொன்னால் அவர் தெரியாதவர், அல்லது பொய்யர்.

வெள்ளை என்றால் செத்தது இல்லை. இதை அவனை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்.

அம்மாவுக்கும் மிருதுவுக்கும் என் அன்பு.

சின்னு


சிப்பித்துறை
24 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பள்ளி முகவரிக்கு இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மாவுக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே? சிக்னல் கிடைக்கிற பாலத்தடிவரை நடந்துபோய் உனக்குப் போன் செய்தேன். அத்திம்பேர் எடுத்தார். நீ தூங்குகிறாய் என்றார். சாயங்காலம் ஐந்து மணி.

எப்படியிருந்தாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நேற்று கிழக்குப் பாரில் இறங்கினேன். நிறம் வந்துவிட்டது அக்கா! தேன் நிறம், பச்சை, ஊதா. ஆலைத்தண்ணீர் படாத பக்கத்தில் எழுபதில் அறுபத்து மூன்று பிழைத்துவிட்டன. தண்ணீர் படுகிற பக்கத்தில் இருபத்தாறில் நான்குதான். இதைவிடத் தெளிவான சாட்சி யாருக்கும் கிடைக்காது. மேலே வந்து முகமூடியைக் கழற்றினேன். "என்னம்மா, கடலுக்குள்ள போயி அழுதுட்டு வர்ற?" என்றாள் ரோஸி அக்கா.

என் வழிகாட்டி தட்சிணாமூர்த்தி சார் மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறார்.

இரண்டு வரியாவது எழுது.

சின்னு


சேலையூர்
20 டிசம்பர் 2024

சின்னு,

எல்லோரும் சௌக்கியம். அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. மழைக்குத் தெருவெல்லாம் தண்ணீர் நின்று, கேம்ப் ரோடு முழுக்கப் பள்ளம். அரைப்பரீட்சை வேலை. அதனால்தான் எழுதவில்லை.

நவம்பரில் எடுத்த படங்களைச் சீக்கிரம் எங்கேயாவது வெளியிட்டுவிடேன். மார்ச் வரை காத்திருக்க வேண்டுமா? எனக்கு இதெல்லாம் தெரியாது. தோன்றியதைச் சொன்னேன்.

குளிரில் ரொம்ப நேரம் தண்ணீரில் இருக்காதே.

வித்யா


சிப்பித்துறை
9 பிப்ரவரி 2025

அக்கா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அத்திம்பேரின் உடம்பு நன்றாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் பார்த்தேன்.

மீன்தூள் ஆலையை மூன்று மடங்கு பெரிதாக்கப்போகிறார்களாம். கழிவைக் குழாய் போட்டு நேரே கிழக்குப் பாருக்குப் பக்கத்தில் விடப்போகிறார்கள். அதற்கு ஊர்மக்களின் கருத்துக் கேட்கும் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் ரோஸி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் நவம்பர் படங்கள் மடியில் இருந்தன, எழுந்து பேச வேண்டும் என்று. மேடையில் அறிக்கை வாசிக்க வந்தவர் அத்திம்பேர்.

திரையில் படம் போட்டார். வெள்ளை வெளேரென்று பவளம். பக்கத்தில் பலகை. பலகையில் என் கையெழுத்து. "இந்தப் பாறைத்திட்டு ஏற்கெனவே வெப்பத்தால் இறந்துவிட்டது. ஆகவே ஆலைக் கழிவால் புதிதாகப் பாதிப்பு ஏதும் இல்லை" என்று வாசித்தார். பத்துப் பதினைந்து படங்கள். எல்லாம் என்னுடையவை. கடைசிப் படத்தின் தேதி ஜூன் 11. உன் பீரோவில் இருக்கிற டிஸ்க்கிலும் ஜூன் 11 வரைதான் இருக்கிறது.

நான் எழுந்து பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பாதியில் ரோஸி அக்கா என் பக்கம் திரும்பி, "அது ஒன் எழுத்துத்தானே? எங்க பாரு செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்தது நீதானா?" என்று கேட்டாள். மண்டபம் முழுக்க அதைக் கேட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

வெளியே கார் பக்கத்தில் அத்திம்பேரைப் பிடித்தேன்.

"எமோஷனல் ஆகாதே சின்னு. போட்டோல பொய் இருக்கா? மே மாசம் வெள்ளையா இருந்துதா இல்லையா?"

"இருந்துது."

"அதைத்தான் போட்டிருக்கோம்."

"நவம்பர்ல எல்லாம் திரும்பி வந்துடுத்து அத்திம்பேர். நானே பார்த்தேன்."

"நவம்பர் எங்ககிட்ட இல்லையேம்மா" என்றார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அக்கா, எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். அந்த டிஸ்க் அவர் கைக்கு எப்படிப் போயிற்று?

சின்மயி


சிப்பித்துறை
3 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஏழு பக்கம். நீ கேட்டுக்கொண்டபடி படித்து முடித்ததும் என் அறை வாசலில் வைத்துக் கொளுத்திவிட்டேன். சாம்பல் அடங்கும்வரை பக்கத்தில் நின்றேன். ஆகையால் பயப்படாதே.

டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தவள் நீ. டைரியைப் பார்த்துப் பாஸ்வேர்டைச் சொன்னவளும் நீ. 'சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று அவர் சொன்னதை நம்பினாய். வேலை போய்விடும் என்று இரவும் பகலும் அவர் பட்ட பாட்டைப் பார்த்தாய். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. உன் போனை அவர் வாங்கி வைத்துக்கொள்கிறார் என்பதும், என் கடிதங்கள் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டியிருந்ததன் காரணமும் இப்போதுதான் புரிகின்றன. ஏன் முன்பே சொல்லவில்லை?

ஒன்றைத்தான் விழுங்க முடியவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நீதான் கேட்டாய். என் பதிலைப் படித்துவிட்டு அவரிடம், "வெள்ளைன்னா செத்தது இல்லையாம்" என்று சொல்லியிருக்கிறாய். அவர், "அது எனக்குத் தெரியும்" என்றிருக்கிறார். நீ அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டாய்.

போகட்டும். நான் ஆராய்ச்சிப் படங்களை ஆலைக்காரர்களுக்கு விற்றுவிட்டதாக யாரோ கல்லூரிக்குப் புகார் எழுதிவிட்டார்கள். விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறார்கள். ரோஸி அக்கா என்னைப் படகில் ஏற்றுவதில்லை. ஊரில் யாரும் ஏற்றுவதில்லை.

நீ கமிட்டிக்கு இரண்டே வரி எழுதினால் போதும். 'டிஸ்க் என்னிடம் இருந்தது. சின்மயிக்குத் தெரியாமல் எடுக்கப்பட்டது.' யார் எடுத்தார்கள் என்றுகூட எழுத வேண்டாம். இரண்டு வரி. முகவரியை அடியில் எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரிய வேண்டாம்.

சின்னு


சேலையூர்
22 மார்ச் 2025

அன்பு சின்னு,

அம்மா சௌக்கியம். மிருதுவுக்குப் பரீட்சை நடக்கிறது, வீட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. நீ ரொம்ப இளைத்துவிட்டதாக அவர் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு.

கமிட்டிக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாம் நல்லபடியாக முடியும். நீ சின்னவள், படித்தவள், உனக்கு எத்தனையோ வழி இருக்கிறது.

வித்யா


தாம்பரம் ரயில் நிலையம்
8 ஏப்ரல் 2025

அக்கா,

நலம் விசாரிக்க இன்று மனமில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ராமேஸ்வரம் வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. உன் வீடு இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். வரவில்லை.

கமிட்டியில் ஐந்து பேர். உன் கடிதம் வந்திருக்கிறது என்றதும் எனக்கு உயிர் வந்தது. தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'என் தங்கை சின்மயி சென்ற ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தப் படங்களைத் தானே விரும்பி என் கணவரிடம் கொடுத்தாள். தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளும்படியும் சொன்னாள்.' கீழே உன் கையெழுத்து. திருத்திய பேப்பரில் போடுகிற அதே கையெழுத்து.

தட்சிணாமூர்த்தி சார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். "உங்க அக்காவே எழுதியிருக்காங்களேம்மா" என்றார்.

"இது உண்மை இல்லை சார். உண்மையை எனக்கு ஒரு கடிதத்துல எழுதியிருந்தா."

"அதைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லை சார். எரிச்சுட்டேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன். டிஸ்க் உன் பீரோவில் இருப்பதாக நீ எழுதிய ஜூலைக் கடிதத்தைக் காட்டினேன், நான் படங்களைக் கொடுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது என்றார்கள்.

நான் எரித்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். அந்தக் கடிதம் கிடைத்த பிறகுதான் நீ கமிட்டிக்கு எழுதியிருக்கிறாய். தேதி போட்டிருந்தது.

என் முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அது பெரிதில்லை. நவம்பர் படங்களையும் தள்ளிவிட்டார்கள். படத்தை ஆலைக்குக் கொடுத்தவள், இப்போது ஆலைக்கு எதிராகக் கொண்டுவருகிற படத்தை எப்படி நம்புவது என்கிறார்கள். ஆகையால் காகிதத்தில் கிழக்குப் பார் ஜூன் மாதத்தோடு செத்துப்போனது. இனி அதை யாராலும் கொல்ல முடியாது, என்ன ஊற்றினாலும்.

சின்மயி


சேலையூர்
30 ஆகஸ்ட் 2025

அன்பு சின்னு,

நீ எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. இதை ரோஸியின் முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். மிருதுளா நல்ல மார்க் வாங்கி, கேட்ட பிரிவு கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு இடது கண்ணிலும் ஆபரேஷன் ஆயிற்று. தினமும் உன்னைக் கேட்கிறாள். ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கிறாய், தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மேடவாக்கத்தில் பிளாட் வாங்கியிருக்கிறோம். ஐப்பசியில் கிருகப்பிரவேசம். பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் சதுப்பு நிலமும் பறவைகளும் தெரிகின்றன. உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

உனக்குக் கோபம் இருக்கும். எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அம்மா இருக்கிறாள். எனக்கு வேறு எங்கே போகத் தெரியும், சொல். இதற்கு மேல் எழுத வரவில்லை.

கட்டாயம் வா. அம்மாவுக்காகவாவது.

வித்யா


பெரும்பாக்கம்
19 அக்டோபர் 2025

அக்கா,

உன் கடிதம் ரோஸி அக்கா கைக்குப் போய், அங்கே ஒரு மாதம் கிடந்து, நான் அவளுக்கு எழுதியிருந்த முகவரிக்கு முந்தாநாள் வந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னாம்மா, உனுக்கு லெட்டர் வந்துகீது. யாருன்னா செத்துட்டாங்களா?" என்று பதறினாள். இந்தக் காலத்தில் அதற்குத்தான் தபால் வரும் என்று நினைத்திருக்கிறாள். அப்படியெல்லாம் இல்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

ஆமாம், பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறேன், ஜூன் மாதத்திலிருந்து. அடுக்குக் குடியிருப்பில் ஒரு அறை. தண்ணீர் கேன் கம்பெனி ஒன்றில் வேலை. கேனுக்குள் போகிற தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சில நாள் சோதிக்காமலே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடுவதில்லை. எத்தனை நாள் வைத்திருப்பார்களோ.

உன் கடிதத்தோடு ரோஸி அக்காவும் யாரையோ விட்டு எழுதவைத்து ஒரு தாள் வைத்திருந்தாள். குழாய் போட்டு இரண்டு மாதம் ஆகிறதாம். தண்ணீருக்குள் கையை நீட்டினால் கை தெரியவில்லையாம். பாரை வழுவழுப்பாகப் பாசி மூடிவிட்டது. பிய்த்துப் பார்த்தால் அடியில் எல்லாம் பொடிப்பொடியாக வருகிறது என்று எழுதியிருக்கிறாள். பாசி எடுக்கிற பெண்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. 'நீ செத்துப்போச்சுன்னு எழுதுன, இப்ப செத்துப்போச்சு' என்றுதான் தாள் முடிகிறது. பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ற வியாழக்கிழமை தாம்பரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கேம்ப் ரோட்டில் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. மருந்துக்கடை வாசலில் நீயும் அம்மாவும். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு முன்தலை நரைத்திருக்கிறது. கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான். அம்மா நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள். புதுக் கண்ணுக்கு வெயில் கூசியிருக்க வேண்டும், என்னைத் தெரியவில்லை. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் ஊருக்கு எப்போது வந்தாய், படிப்பு முடிந்ததா என்று கேட்பாள். நீ என் முகத்தைப் பார்ப்பாய், நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று. அந்தப் பார்வையை அம்மா பார்த்துவிடுவாள். அவளுக்குத்தான் இப்போது எல்லாம் தெரிகிறதே.

வண்டி நகர்ந்தது. நான் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கிருகப்பிரவேசத்துக்கு வரமாட்டேன். கதவு எண்ணை இதில் எழுதவில்லை. தேடாதே.

சின்மயி